காலின் வீக்கமும் கழுத்துச் சுரப்பியும்
தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயில் தோன்றும் அரிய தோல் மாற்றங்கள்

கால் வீங்கினால் நம் பகுதியில் முதலில் எழும் ஐயம் யானைக்கால். மேற்கு மாம்பலத்தில் இரண்டு, மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களுக்கு அந்த அச்சம் புதியதன்று. ஆனால் இன்று கால் வீக்கத்துடன் வருவோருள் பெரும்பாலோருக்குக் காரணம் வேறாக இருக்கிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், வெரிகோஸ் வெயின், இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் மாத்திரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மிகச் சிலருக்கோ, காலில் தெரியும் மாற்றத்தின் வேர் கழுத்திலுள்ள தைராய்டு நோயோடு பிணைந்திருக்கிறது. அந்தச் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

அரிதான ஒன்றைப் பற்றி எல்லோரும் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். தைராய்டு நோய் அரிதன்று என்பதே அதற்கு விடை. சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரைப் பரிசோதித்து 2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் கண்டது. தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டி டி.பி.ஓ. என்னும் எதிர்ப்பொருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் காணப்பட்டது. இத்தனை பேருக்கு இருக்கும் நோயில், நூற்றில் ஓரிருவருக்கு வரும் சிக்கல்கூட நம் தெருவிலேயே ஒருவருக்கு இருக்கக்கூடும்.

பழைய அச்சத்தின் காரணம்

மாம்பலத்தின் பக்கத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று பரவியிருந்தது. 1920-களில் அதன் பெரும்பகுதி தூர்க்கப்பட்டே தியாகராய நகர் எழுந்தது. ரயில் பாதைக்கு இப்பால் உள்ள லேக் வியூ ரோடு அந்த ஏரியின் நினைவை இன்றும் பெயரில் தாங்கி நிற்கிறது. தாழ்வான நிலமும் தேங்கிய கழிவுநீரும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ஏற்ற இடமாயின. யானைக்கால் நோயைப் பரப்புவது அந்தக் கொசுவே. ஆகவே கொசுவும் யானைக்காலும் மாம்பலத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 1955-இல் தொடங்கிற்று. மருந்தும் கழிவுநீர் வசதியும் நிலைமையைப் பெரிதும் மாற்றியுள்ளன. எனினும் நோய் குறைந்த அளவுக்கு அச்சம் குறையவில்லை. தடித்த காலைக் கண்டவுடன் அக்கம்பக்கத்தினர் யானைக்கால் என்கின்றனர். வீட்டினரும் அதையே நம்பி, இரத்தப் பரிசோதனையின்றி மாத்திரை வாங்கிக் கொடுக்கின்றனர். மணமாக வேண்டிய பெண்ணெனில் காலைப் புடவைக்குள் மறைத்து, மருத்துவரிடம் வருவதையே தள்ளிப்போடுகின்றனர். எளிதில் குணப்படுத்தக்கூடிய தொடக்க நிலை இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

கழுத்துக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், சில வேளைகளில் தன் உடல் உறுப்பையே அயலானாகக் கருதித் தாக்குகிறது. இதனைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். தைராய்டில் இது இரு வகையாக வெளிப்படும். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த வகையில் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது. உடல் இளைத்தல், படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, கண் பிதுக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த வகையில் சுரப்பி மெல்ல அழிந்து, சுரப்பு குறைகிறது. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

கிரேவ்ஸ் நோயில் தோன்றும் எதிர்ப்பொருள் ஒரு கள்ளச்சாவியைப் போன்றது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். என்னும் சுரப்புநீருக்கு உரிய பூட்டு, தைராய்டு செல்களின் மேல் இருக்கிறது. எதிர்ப்பொருள் அந்தப் பூட்டைத் திறந்து, சுரப்பியை ஓயாது வேலை செய்ய வைக்கிறது. அதே பூட்டு, கண்ணின் பின்புறத் திசுவிலும் தோலின் அடியிலுள்ள நார்ச்செல்களிலும் சிறிதளவு உண்டு. அங்கும் எதிர்ப்பொருள் சென்று சேர்ந்தால், அந்தச் செல்கள் ஹயலூரானிக் அமிலம் போன்ற பசைப்பொருள்களை மிகுதியாக உண்டாக்குகின்றன. முகப்பூச்சு விளம்பரங்களில் நாம் கேட்கும் அதே பொருள்தான் அது. நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. கண்ணின் பின்னே அது சேர்ந்தால் கண் பிதுங்குகிறது. கணைக்காலின் முன்புறத் தோலில் சேர்ந்தால் அங்கே தோல் தடிக்கிறது. பிந்தியதை மருத்துவத்தில் பிரீடிபியல் மிக்சிடீமா என்பர்.

கை, கழுத்து என எங்கும் தோல் இருக்கையில் காலுக்கு மட்டும் இது ஏன் வருகிறது? நாள் முழுதும் நிற்பதால் காலில் நீர் தேங்குவதும், கட்டில், படி, வண்டி என அடிக்கடி இடித்துக்கொள்வதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அரிதாகப் பழைய தழும்பிலும், அடிபட்ட பிற இடங்களிலும் இத்தடிப்பு தோன்றியதுண்டு.

பார்வைக்கு எப்படி இருக்கும்?

கிரேவ்ஸ் நோயாளிகள் 100 பேரில் ஒருவர் முதல் ஐவர் வரை இது வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. கண் பாதிப்பு ஏற்கெனவே இருப்பவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. தைராய்டு நோய் கண்டறியப்பட்டு ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தோன்றுவது வழக்கம். நோயாளியைக் குழப்புவது இந்தக் கால இடைவெளியே. மாத்திரையாலோ அறுவை சிகிச்சையாலோ கதிரியக்க அயோடினாலோ தைராய்டு அளவு சரியாகி, 'ரிப்போர்ட் நார்மல்' என்று நிம்மதி அடைந்த பிறகு கால் தடிக்கத் தொடங்கும். சுரப்புநீரின் அளவு சீரானாலும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதே இதற்கு விளக்கம். ஹாஷிமோட்டோ நோயாளிகளுக்கும் மிக அரிதாக இது வருவதுண்டு.

தொடக்கத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, முன்புறத்திலோ பக்கவாட்டிலோ தோல் சற்று இறுகி மேடிடும். மயிர்க்கால்கள் குழிந்து சாத்துக்குடித் தோலைப் போலத் தோன்றும். நிறம் செம்மையாகவோ பழுப்பாகவோ மாறலாம்; நம் மாநிறத் தோலில் செம்மை தெரியாது, கருமையே தெரியும். பெரும்பாலும் வலி இராது. சிலருக்கு அரிப்பு இருக்கலாம். பிறகு திட்டுகளாகவோ கட்டிகளாகவோ பரவலாம். மிகமிகச் சிலருக்கே கால் முழுவதும் தடித்து, யானைக்காலைப் போன்ற தோற்றம் பெறுகிறது.

இத்தோல் மாற்றம் உள்ளவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, கை கால் விரல்களின் நுனி பருத்து நகம் வளைவதும் உண்டு. இதனை அக்ரோபாக்கி என்பர். நுரையீரல் நோயிலும் விரல்நுனி பருக்கும் என்பதால், மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

எந்த வீக்கம் எதனால்?

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து 10 விநாடி அழுத்தி எடுங்கள்.

குழி விழுந்து மெல்ல நிரம்பினால், உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும்; மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

குழி விழாமல் தோல் இறுகி இருந்தால், நிணநீர்த் தேக்கமோ தைராய்டோ காரணமாகலாம். யானைக்கால் நோயில் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில், பாதத்திலும் கணுக்காலிலும் தொடங்கும். குளிர்காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிகட்டுதலும் அவ்வப்போது வந்து போயிருக்கும். தைராய்டுத் தடிப்பு பெரும்பாலும் இரு கால்களிலும், கணைக்காலின் முன்புறத்தில் தொடங்கும். கண்கள் பிதுங்கியோ, இமைகள் மேலேறியோ, உறுத்தலுடன் நீர் வடிந்தோ இருக்கும்.

ஒரே காலில் திடீரென வலியுடன் வீக்கமும் சூடும் தோன்றினால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும்.

இச்சோதனை ஐயத்தை எழுப்புவதற்கு மட்டுமே, முடிவு கூறுவதற்கன்று. யானைக்காலுக்கும் தைராய்டுக்கும் தனித்தனி இரத்தப் பரிசோதனைகள் உள்ளன. தைராய்டு ஐயம் எழும்போது டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ஆகியவற்றோடு, டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளையும் அளவிடுகிறோம். தோலைச் சிறிது வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பலருக்குத் தேவைப்படுவதில்லை. காயமே தடிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், ஐயம் தீராதபோது மட்டுமே அதனைச் செய்கிறோம்.

தோல் தரும் பிற அறிகுறிகள்

தைராய்டு நோயில் தோலும் முடியும் மாறுவது பொதுவானது. சுரப்பு குறைந்தால் தோல் வறண்டு சொரசொரப்பாகும். முகமும் இமைகளும் உப்பும். உள்ளங்கை மஞ்சள் பாரிக்கும். புருவத்தின் வெளிப்பகுதி உதிரும். சுரப்பு மிகுந்தால் தோல் மிருதுவாகவும் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும். சுரப்பு சீரானதும் இவை படிப்படியாக மறையும். மாறாக, கீழ்க்காணும் மூன்றும் தன்னெதிர்ப்பின் உடன்பிறப்புகள். தைராய்டு மாத்திரையால் மட்டும் தீர்வனவல்ல.

காணாக்கடி: உடலெங்கும் அரிப்புடன் தடிப்புகள் எழுந்து, ஒரு நாளுக்குள் தடம் தெரியாமல் மறைந்து, வேறிடத்தில் மீண்டும் எழும். 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்டது என்கிறோம். இத்தகையோருள் தைராய்டு எதிர்ப்பொருள் உள்ளோர் மிகுதி. கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஆண்டுக்கணக்கில் விலக்கியும் குணமாகாதவர்கள், ஒருமுறை தைராய்டைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. அரிப்பைத் தணிக்கும் மாத்திரைகளே இதன் முதல் சிகிச்சை.

புழுவெட்டு: தலையிலோ தாடியிலோ காசு அளவில் வட்டமாக முடி உதிரும். பெயரில் இருக்கும் புழுவுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. முடியின் வேரை எதிர்ப்பாற்றல் தாக்குவதே காரணம். பலருக்கு முடி மீண்டும் முளைக்கிறது.

வெண்புள்ளிகள்: நிறமிச் செல்கள் அழிவதால் தோல் வெளுக்கிறது. இதனை வெண்குஷ்டம் என்று வழங்கியது பெரும் அநீதி. தொழுநோய்க்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை; இது தொற்றுவதும் இல்லை. 'வெண்புள்ளிகள்' என்றே குறிப்பிட வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது. வீட்டிலும் அச்சொல்லையே வழங்குவோம்.

இங்கே குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: 'இது ஒட்டிக்கொள்ளுமா?' ஒட்டாது. அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், அவர் மனைவி பார்பரா புஷ் இருவருக்குமே இரண்டாண்டு இடைவெளியில் கிரேவ்ஸ் நோய் கண்டறியப்பட்டபோது உலகமே வியந்தது. அது தற்செயல் என்றே மருத்துவ உலகம் கருதுகிறது. தன்னெதிர்ப்பு நோய் தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது. ஆனால் இரத்த உறவினர்களுக்கு வரும் வாய்ப்பு சற்று மிகுதி. ஆகவே தாய்க்கு இருந்தால், மகளும் தங்கையும் ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சை என்ன?

காலில் தோன்றிய தடிப்பு மிதமானதாகவும் தொல்லையற்றதாகவும் இருந்தால், கவனித்து வருவதே போதும். சில ஆண்டுகளில் பலருக்குத் தானே மறைகிறது. தொல்லை தரும்போது, வலிமை மிக்க ஸ்டீராய்டு களிம்பைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இரவில் மூடி வைக்கச் சொல்கிறோம். அது போதாதெனில் தடிப்பினுள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. தடிப்பு தோன்றிய சில மாதங்களுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. ஆண்டுகள் கடந்து இறுகிப்போனால் பயன் குறைவு. காலத்தோடு வருமாறு வற்புறுத்துவது இதனால்தான்.

வீக்கம் மிகுந்தோருக்கு அழுத்தக் காலுறையும், நிணநீரை வடியச் செய்யும் பயிற்சியும் உதவுகின்றன. காலுக்குச் செல்லும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் அழுத்தக் காலுறை அணியலாகாது. சர்க்கரை நோயாளிகள் முதலில் பாத இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தடித்த தோலை அறுத்து நீக்குவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது; தழும்பிலேயே மீண்டும் தடிக்கும் வாய்ப்புண்டு. கண் பாதிப்புக்கென 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்ரோடுமுமாப் என்னும் மருந்தினால் சிலருக்குக் காலும் தேறியதாகச் செய்திகள் வந்துள்ளன. ஆயினும் விலையும் பக்கவிளைவுகளும் மிகுதியாதலால், அது எல்லோருக்கும் உரியதன்று.

செய்யத் தகாதவையும் உள. நீர் பிரியும் மாத்திரையால் இத்தடிப்பு குறையாது. உடலின் உப்புகளே குறையும். சூடான ஒத்தடம், பத்து, கடுமையான உருவல் ஆகியவை தோலைப் புண்ணாக்கி நோயைத் தூண்டலாம். மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினால் தோல் மெலியும்; படர்தாமரை இருந்தால் அது பரவும்.

அன்றாட வாழ்வில்

புகைப்பழக்கம் கண் பாதிப்பையும் தோல் பாதிப்பையும் மோசமாக்குகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் பின் கண் நோய் முற்றுவதும் புகைப்போரிடம் மிகுதி. நோயாளி புகைப்பவர் அல்லரெனினும், வீட்டில் புகைப்பவர் இருந்தால் அவரும் இதனைத் தம் பொறுப்பாக எண்ண வேண்டும்.

தைராக்ஸின் மாத்திரை உண்போர் அதிகாலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்க வேண்டும். ஃபில்டர் காபியோ காலை உணவோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. காபியுடன் சேர்த்தால் மருந்து முழுமையாக உட்கிரகிக்கப்படுவதில்லை. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உண்பவர்கள், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதனை நிறுத்திவிட்டு வாருங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு அளவுகளைத் தவறாகக் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை இருப்பதுபோல் தோன்றச் செய்யும்.

உடனே வரவேண்டிய நிலைகள்

• கார்பிமசோல் போன்ற மாத்திரை உண்ணும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ தோன்றினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். அரிதான, ஆனால் உயிருக்கு ஆபத்தான விளைவு இது.
• பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, நிறங்கள் வெளிறித் தெரிதல், இமைகளை முழுதாக மூட இயலாமை.
• தடித்த காலில் செம்மை, சூடு, வலி, காய்ச்சல்.
• காணாக்கடியுடன் உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத்திணறல்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை

பழைய தைராய்டு பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்; தைராய்டு நோய் பத்தாண்டுகளுக்கு முன் குணமாகிவிட்டதெனினும் அதனைச் சொல்லுங்கள். உண்ணும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். கண்ணும் முகமும் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படம் ஒன்றும் பயன்படும். நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத மாற்றத்தை அது காட்டிக்கொடுக்கும். கால் தடிப்பைப் பத்து நாளுக்கொருமுறை அதே வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், சிகிச்சை பலனளிக்கிறதா என்று அறிவது எளிது.

தைராய்டு பரிசோதனைக்கு வருவோர் கழுத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். அடுத்த முறை வரும்போது காலுறையைக் கழற்றி, கணைக்காலையும் காட்டுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் தாங்களாகவே சொல்லுங்கள்.